மருத்துவரிடம் மறுத்துப் பேசலாம்; மறைக்கக் கூடாது

சென்ற ஆண்டு எங்கள் தோட்டத்து நாய் மணி செத்துப்போனது. ராசிபுரம் பக்கத்தில் உள்ள தோட்டத்தில் ஒன்பது ஆண்டுகள் காவல் இருந்த நாட்டு நாய். விவசாயப் பக்கத்தில் நாயைப் பற்றி எதற்கு எழுத வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். மணி விஷயத்தில் நான் செய்த தவறும், நம் மாட்டுக் கொட்டகைகளில் அன்றாடம் நடக்கும் தவறும் ஒன்றுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

மணி இரண்டு நாள் சோறு தின்னாமல் படுத்திருந்தது. மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் கசிந்தது. ஈறு வெளுத்திருந்தது. கால்நடை மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, உண்ணிக் காய்ச்சல் என்றார். நாயின் உடம்பில் ஒட்டும் பழுப்பு உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா என்ற நுண்ணுயிரி உள்ளே போய், ரத்த அணுக்களுக்குள் குடியேறுவதால் வரும் நோய் இது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். டாக்ஸிசைக்ளின் மாத்திரையை 28 நாள் விடாமல் கொடுக்கச் சொல்லிச் சீட்டு எழுதித் தந்தார். வெளியே பதினைந்து பேர் ஆடு, மாடு, கோழியோடு காத்திருந்தார்கள். ஏன் 28 நாள் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஐந்தாம் நாள் மணி எழுந்து நடந்தது. பழையபடி குரைத்தது. ஆனால் வெறும் வயிற்றில் மாத்திரை கொடுத்தால் வாந்தி எடுத்தது. இத்தனை நாள் ஆன்டிபயாடிக் தேவையா என்ற சந்தேகம் எனக்கு முதல் நாளே இருந்தது. கால்நடைகளுக்கு ஆன்டிபயாடிக்கை அள்ளிக் கொடுப்பதைக் கண்டித்து உழவர் கூட்டங்களில் பேசுகிறவன் நான். உழவியலில் முனைவர் பட்டம் வாங்கியவனுக்கு இதுகூடத் தெரியாதா என்ற நினைப்பும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும். எட்டாம் நாள் மாத்திரையை நிறுத்தினேன். மருத்துவருக்குச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து நோய் திரும்பியது. இந்த முறை ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையே பாதிக்கப்பட்டிருந்தது. மூன்று வாரத்தில் மணி போய்விட்டது.

அந்த மருத்துவர் என்னைவிட வயதில் சிறியவர். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். "சார், களைக்கொல்லியப் பாதி அளவு அடிச்சுட்டு, களை வாடிருச்சுன்னு விட்டா என்ன ஆகும்னு நீங்கதான் விவசாயிங்களுக்குச் சொல்றீங்க. மாத்திரை ஒத்துக்கலைன்னு ஒரு போன் பண்ணியிருந்தீங்கன்னா, சோத்தோட சேர்த்துக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன். முழுசாக் குடுத்திருந்தாப் பொழச்சிருக்கும்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா ஒரு வாய்ப்பு இருந்துச்சு."

மருத்துவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு வந்தது தவறில்லை. அதை அவரிடம் சொல்லாமல், என் பாட்டுக்கு ஒரு முடிவெடுத்ததுதான் தவறு.

கொட்டகையில் நடப்பது

சேலம், நாமக்கல் சமவெளியில் நிலத்தடி நீர் கைவிட்ட ஊர்களில் குடும்பத்தைத் தாங்கி நிற்பவை கறவை மாடும் வெள்ளாடும் செம்மறியும்தான். சொசைட்டியில் ஊற்றும் பாலில்தான் மளிகைக் கடன் அடைகிறது. அப்படிப்பட்ட மாடு படுத்துவிட்டால் மனம் பதறும். பதற்றத்தில் மருத்துவரின் சொல் மீது சந்தேகம் வருவது இயற்கை. அந்தச் சந்தேகத்தை நாம் பெரும்பாலும் நேரில் கேட்பதில்லை. மூன்று வழிகளில் மறைமுகமாகக் காட்டுகிறோம்.

முதல் வழி, நான் செய்தது. ஐந்து நாள் ஊசி என்றால் இரண்டு நாளில் நிறுத்திவிடுவது. மாடு தீனி எடுத்துவிட்டது, பிறகு எதற்குச் செலவு என்ற கணக்கு.

இரண்டாவது, ஆளை மாற்றுவது. காலையில் அரசு மருத்துவர் ஊசி போட்டிருப்பார். மாலைக்குள் குணம் தெரியவில்லை என்றால், ஊரில் ஊசி போடுகிற இன்னொருவரை அழைத்து வந்துவிடுவோம். காலையில் என்ன ஊசி போட்டார்கள் என்று வந்தவருக்குத் தெரியாது. அதே மருந்து இரண்டாம் முறையும் ஏறும், அல்லது ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத மருந்துகள் சேரும்.

மூன்றாவது, மெடிக்கல் கடைக்குப் போய் "போன தடவை போட்ட மருந்தையே குடுங்க" என்று வாங்கி வந்து நாமே போடுவது. வீட்டிலிருக்கும் மனித மாத்திரையை நாய்க்கும் பூனைக்கும் கொடுப்பதும் இதில் அடக்கம். நமக்குக் காய்ச்சலைத் தணிக்கும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்று, ஒரு பூனையைக் கொல்லப் போதும்.

இதில் இன்னொரு பழக்கமும் கலந்திருக்கிறது. ஊசி போடாத மருத்துவரை நாம் மதிப்பதில்லை. மூன்று நாள் காய்ச்சல், கோமாரி, தோல் கழலை நோய் ஆகியவை வைரஸால் வருபவை. ஆன்டிபயாடிக் ஊசி வைரஸைக் கொல்லாது. புண்ணில் வேறு கிருமி தொற்றினால்தான் அதற்கு வேலை. "ஊசி வேண்டாம், நிழலில் கட்டுங்கள், தண்ணீர் காட்டுங்கள், வலிக்கு மட்டும் மருந்து தருகிறேன்" என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவர் உங்கள் பணத்தையும் மாட்டையும் சேர்த்தே காப்பாற்றுகிறார். அவரை விட்டுவிட்டு ஊசி போடுகிறவரைத் தேடிப் போகாதீர்கள்.

மடிநோயில் எழும் வாக்குவாதம்

நம் பகுதியில் மருத்துவருக்கும் மாட்டுக்காரருக்கும் அதிகம் உரசல் வருவது மடிநோயில்தான். மடி வீங்கி, பால் திரிந்து, காம்பைத் தொட்டால் மாடு உதைக்கும். மருத்துவர் காம்பு வழியாக ஆன்டிபயாடிக் ஏற்றச் சொல்வார். அத்தனை நாளும், அதற்குப் பிறகு மருந்து உறையில் குறிப்பிட்ட நாள் வரையிலும் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதீர்கள் என்பார். ஒரு வாரப் பால் தரையில் போகிறது என்றால் யாருக்கும் வயிறு எரியும்.

ஆனாலும் அந்தத் தடைக்குக் காரணம் இருக்கிறது. ஆன்டிபயாடிக் கலந்த பாலில் உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாது. தயிரைத் தோய்க்கும் நல்ல நுண்ணுயிரியையும் அந்த மருந்து கொன்றுவிடும். ஒரு மாட்டின் பால், கேனில் சேரும் முப்பது வீட்டுப் பாலையும் கெடுத்துவிடும். சிறு அளவில் அந்த மருந்தைத் தினமும் குடிக்கும் குழந்தையின் உடம்பில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாக வழி பிறக்கும். நாளை அந்தக் குழந்தைக்கு நிமோனியா வரும்போது, மருத்துவரின் கையில் வேலை செய்கிற மருந்து இருக்காது.

"அப்படியானால் ஆன்டிபயாடிக்கே வேண்டாம், வேறு வழி இல்லையா?" என்று கேட்கிற உரிமை உங்களுக்கு உண்டு. இதே கேள்வியைக் கால்நடை மருத்துவத் துறைக்கு உள்ளேயிருந்தே கேட்டவர் ஒருவர் இருக்கிறார். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் தஞ்சாவூர் மையத்தில் பணியாற்றிய பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி, நம் பாட்டிமார் செய்துவந்த மூலிகை மருத்துவத்தைச் சேகரித்து, அளவு குறித்து, மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்து ஒழுங்குபடுத்தினார். இன்று தேசிய பால்வள மேம்பாட்டு வாரியம் அதைப் பால் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பல மாநிலங்களில் பரப்புகிறது. அவரும் கால்நடை மருத்துவர்தான். உடன் பணியாற்றுகிறவர்களின் வழக்கமான சிகிச்சையோடு மாறுபட்டார். அந்த மாறுபாட்டை மறைக்கவில்லை. அளவோடும் செய்முறையோடும் எல்லார் முன்னும் வைத்தார்.

மடிநோய்க்கு அவர் சொன்ன முறை இது. சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் மூன்றையும் சேர்த்து அரைத்தால் செந்நிற விழுது கிடைக்கும். நான்கு காம்பிலும் பாலை முழுக்கக் கறந்துவிட்டு மடியைக் கழுவி, ஒரு கைப்பிடி விழுதைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து மடி முழுவதும் பூச வேண்டும். ஒரு நாளைக்கு எட்டு முதல் பத்து முறை, ஐந்து நாள் பூச வேண்டும். அன்றன்றைக்குப் புதிதாக அரைத்துக்கொள்ள வேண்டும். காலை ஒரு முறை, மாலை ஒரு முறை பூசிவிட்டு "கை வைத்தியம் பலிக்கவில்லை" என்று சொல்வதும், மாத்திரையைப் பாதியில் நிறுத்துவதும் ஒரே தவறுதான். மூலிகைக்கும் அளவும் நாளும் உண்டு.

இந்த வழிக்கும் எல்லை இருக்கிறது. மடி லேசாக வீங்கி, பால் கொஞ்சம் திரிந்திருக்கும் தொடக்கத்தில் விழுதைத் தொடங்குங்கள். மாட்டுக்குக் காய்ச்சல், தீனி எடுக்கவில்லை, மடி கல் போல் இறுகிவிட்டது என்றால் அன்றே மருத்துவர் வர வேண்டும். மடி குளிர்ந்து நீலம் பாய்ந்தால் காம்பு மட்டுமல்ல, மாட்டின் உயிரே ஆபத்தில் இருக்கிறது. ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். எந்த நிலையிலும் "விழுது பூசிக்கொண்டிருக்கிறேன்" என்று மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கடிந்துகொண்டாலும் பரவாயில்லை.

வாக்குவாதத்தைத் தீர்க்க ஒரு சோதனையும் உண்டு. ஒரே காம்பில் மடிநோய் திரும்பத் திரும்ப வந்தால், ஆன்டிபயாடிக் போடுவதற்கு முன்பே பால் மாதிரி எடுத்து, எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று பார்க்கச் சொல்லுங்கள். காம்பு நுனியை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, முதல் இரண்டு மூன்று பீச்சலைத் தனியே கறந்துவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். மருந்து ஏற்றிய பிறகு எடுத்தால் சோதனை பொய்த்துவிடும். 1985 முதல் நம் பக்கத்திலேயே இருக்கிறது நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி. சேலம் மாவட்டத்தின் கிழக்கே தலைவாசலிலும் இப்போது கல்லூரி வந்துவிட்டது. மருத்துவரின் கடிதத்தோடு அங்கே போய்ப் பாருங்கள். சோதனை முடிவு கையில் இருந்தால், நீங்களும் மருத்துவரும் குரலை உயர்த்திப் பேச வேண்டியிருக்காது.

கேட்ட கேள்வி வென்ற கதை

மருத்துவர் எப்போதும் சரி என்று நான் சொல்லவில்லை. மருத்துவ உலகமே தவறான பக்கத்தில் நின்ற காலமும் உண்டு.

1990களில் மாட்டுக்கு வலியும் வீக்கமும் என்றால் டைக்ளோபினாக் ஊசிதான். விலை குறைவு, குணம் வேகம். மாட்டுக்காரருக்கும் திருப்தி, மருத்துவருக்கும் திருப்தி. அதே காலத்தில் நாடெங்கும் பிணம் தின்னும் பாறு கழுகுகள் மறைந்துகொண்டிருந்தன. பாகிஸ்தானில் செத்த கழுகுகளை அறுத்துப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள் காரணத்தைக் கண்டுபிடித்து 2004இல் வெளியிட்டார்கள். டைக்ளோபினாக் போட்ட சில நாளில் இறந்துபோன மாட்டின் இறைச்சியைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்துவிடுகிறது. மாட்டுக்கு நன்மை செய்த ஊசி, செத்த மாட்டைத் துப்புரவு செய்யும் பறவையைக் கொன்றுகொண்டிருந்தது.

2006இல் கால்நடைகளுக்கான டைக்ளோபினாக் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. அதோடு முடியவில்லை. மனிதர்களுக்கென்று பெரிய குப்பிகளில் வந்த மருந்தை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015இல் மனிதர்களுக்கான ஊசிக் குப்பியே 3 மில்லிக்கு மேல் இருக்கக் கூடாது என்று மத்திய அரசு ஆணையிட்டது. மருந்து நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2017இல் நீதிமன்றம் அரசின் ஆணையை உறுதி செய்தது. 2023இல் கீட்டோபுரோபென், அசிக்ளோபினாக் ஆகிய இரண்டும் கால்நடைகளுக்குத் தடை செய்யப்பட்டன. கழுகுக்குக் கேடு செய்யாத மெலாக்சிகாம் கையில் இருக்கிறது. மாட்டுக்கும் அது நன்றாகவே வேலை செய்கிறது. தமிழ்நாட்டில் பாறு கழுகுகள் இன்று மாயாறு பள்ளத்தாக்கை ஒட்டிய நீலகிரி, சத்தியமங்கலம் காடுகளில்தான் மிஞ்சியிருக்கின்றன. அது நமக்கு எட்டாத தூரமில்லை.

கோழிப் பண்ணைகளுக்கும் ஒரு பாடம் உண்டு. முட்டைக்குப் பெயர்போன நாமக்கல்லில் இதைச் சொல்லியே ஆக வேண்டும். வேறு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமிக்குக் கடைசி ஆயுதமாக மனித மருத்துவத்தில் வைத்திருப்பது கோலிஸ்டின். அதைக் கோழிகள் சீக்கிரம் எடை ஏறத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் நாட்டில் இருந்தது. 2019இல் மத்திய அரசு உணவுக்கான கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் தீவனத்துக்கும் அதைத் தடை செய்தது. இன்று யாராவது அதைப் பரிந்துரைத்தால் "வேண்டாம்" என்று சொல்வது பண்ணையாளரின் கடமை.

ஆகவே, மருந்தின் பெயரைக் கேளுங்கள். "வலிக்கு என்ன ஊசிங்க போடறீங்க? டைக்ளோபினாக் இல்லைங்களே?" என்று கேட்டால் எந்த நல்ல மருத்துவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நாம் சொல்லாமல் விடுவது

மருத்துவரின் கணிப்பு தவறிப்போகும் பல நேரங்களில், அதற்கான காரணத்தை நாம்தான் மறைத்து வைத்திருப்போம். இங்கே என் துறை உள்ளே வருகிறது.

மழை பொய்த்த ஆண்டில் மாடு சோளக் காட்டில் இறங்கி மேய்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் மூச்சு இரைத்து, நுரை தள்ளி, தள்ளாடி விழுகிறது. இளஞ்சோளத்திலும், அறுத்த பின் தழைக்கும் மறுதாம்புச் சோளத்திலும், வாடிய சோளத்திலும் சயனைடு நஞ்சு அதிகம். மரவள்ளித் தழையிலும் கிழங்குத் தோலிலும் அதே நஞ்சு உண்டு. ரத்தம் பளிச்சென்ற சிவப்பாக இருக்கும். மருத்துவர் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் நரம்பு வழியாக ஏற்றிக் காப்பாற்றுவார்.

இன்னொரு கொட்டகையில் மாடு அதேபோல் மூச்சுத் திணறி விழுகிறது. அங்கே யூரியா அள்ளிப் போட்ட தீவனப் பயிர், வெயிலில் வாடியதை அறுத்துப் போட்டிருக்கிறார்கள். இது நைட்ரேட் நஞ்சு. ரத்தம் காப்பிக்கொட்டை நிறத்தில் கருத்திருக்கும். இதற்கு மருந்து மெத்திலீன் புளூ. முதல் மாட்டுக்குப் போட்ட சோடியம் நைட்ரைட்டை இந்த மாட்டுக்குப் போட்டால், நஞ்சோடு நஞ்சு சேர்ந்து மாடு போய்விடும்.

வெளிப் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல. மருத்துவர் வந்து "என்ன தீவனம் போட்டீங்க?" என்று கேட்கும்போது, பக்கத்துக் காட்டில் மேய்ந்ததை மறைக்கவோ, யூரியா போட்டதைச் சொல்லக் கூச்சப்பட்டு "எப்பவும் போடறதுதாங்க" என்றோ பதில் சொன்னால், தவறான மருந்துக்கு நாமே வழி காட்டுகிறோம். மரவள்ளித் திப்பியை ஒரே நாளில் கூடுதலாக வைத்து வயிற்றில் புளிப்பு ஏறிய மாட்டுக்கும் இதே கதைதான். பிறகு "டாக்டர் ஊசி போட்டார், மாடு செத்துப்போச்சு" என்று ஊரெல்லாம் சொல்வதில் நியாயமில்லை.

சோளத்தைப் பூத்த பிறகு அறுங்கள். மரவள்ளித் தழையை நன்றாக வெயிலில் காயவைத்துக் கொஞ்சமாகக் கொடுங்கள். தீவனத்தில் எதையாவது மாற்றினால், மாற்றிய நாளைக் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் எழுதி வையுங்கள். நோய் வந்த நாளில் உங்கள் நினைவைவிட அந்தச் சுவர் சரியாகப் பேசும்.

எப்படி மறுப்பது?

மறுப்பு வந்தால் மருந்து ஏறுவதற்கு முன்பே சொல்லுங்கள். ஏறிய பிறகு சொல்வதில் பயன் குறைவு. ஐந்து கேள்விகள் போதும்.

என்ன நோய் என்று நினைக்கிறீர்கள்? அது இல்லையென்றால் வேறு எதுவாக இருக்கலாம்? இந்த மருந்தின் பெயர் என்ன, எத்தனை நாள், ஏன் அத்தனை நாள்? பாலும் முட்டையும் இறைச்சியும் எத்தனை நாள் விற்கக் கூடாது? எத்தனை நாளில் குணம் தெரிய வேண்டும், தெரியாவிட்டால் யாரைக் கூப்பிடுவது? செலவு எவ்வளவு ஆகும், இதைவிடக் குறைந்த செலவில் வழி உண்டா?

கடைசிக் கேள்விக்கு வெட்கப்பட வேண்டாம். செலவு முடியாது என்று முதலிலேயே சொன்னால், முடிகிற சிகிச்சையை மருத்துவர் யோசிப்பார். சொல்லாமல் தலையாட்டிவிட்டு மூன்றாம் நாள் நிறுத்தினால், முழுச் செலவும் வீண், மாடும் வீண்.

பதில் மனத்துக்கு ஒப்பவில்லை என்றால் இரண்டாவது மருத்துவரைப் பாருங்கள். அதில் யாருக்கும் அவமதிப்பு இல்லை. முதல் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சீட்டு இல்லாமல் ஊசி போட்டிருந்தால் காலி மருந்துக் குப்பியை எடுத்துவையுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவியைக் கேட்கலாம். ஊசி போடுகிறவர் பதிவு பெற்ற மருத்துவர்தானா என்று கேட்பதும் உங்கள் உரிமை. 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி, பதிவு பெற்ற மருத்துவரே சிகிச்சை செய்ய வேண்டும். மருத்துவர் உண்மையிலேயே கடமை தவறினார் என்று நீங்கள் நம்பினால், மாநிலக் கால்நடை மருத்துவ மன்றத்தில் எழுத்தில் முறையிடலாம். டீக்கடையில் பேசுவதைவிட அது உங்களுக்கும் அடுத்த மாட்டுக்காரருக்கும் பயன் தரும்.

இரண்டு இடங்களில் மட்டும் வாக்குவாதமே வேண்டாம். வெறிநாய் கடித்த மாடு, ஆடு, நாய் எதுவானாலும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி தொடங்க வேண்டும். முதல் ஊசி போடும் நாளை 0 என்று வைத்து 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் மூலிகையும் பயன்படாது, ஊசியும் பயன்படாது. கழுவும்போது வெறும் கையால் தொடாதீர்கள். மனிதரைக் கடித்திருந்தால் உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். இரண்டாவது, அடைப்பான். திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கருத்த ரத்தம் கசிகிற மாட்டை மருத்துவர் "அறுக்காதே, தோலை உரிக்காதே, சுண்ணாம்பு போட்டு ஆழப் புதை" என்றால் அப்படியே செய்யுங்கள். அறுத்தால் காற்றுப்பட்ட கிருமி வித்தாக மாறி உங்கள் மண்ணில் பல்லாண்டு கிடக்கும்.

மருத்துவர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்

இந்தப் பக்கத்தைக் கால்நடை மருத்துவர்களும், ஆய்வாளர்களும், வேளாண் துறைக் களப்பணியாளர்களும் படிக்கிறார்கள். அவர்களுக்கும் ஒரு வார்த்தை.

கேள்வி கேட்கிற விவசாயி உங்களை அவமதிப்பதில்லை. "ஏனுங்க டாக்டர், இத்தனை நாள் எதுக்குங்க?" என்று ஒருவர் கேட்டால், "நான் சொல்றதக் கேளுங்க" என்று முடித்துவிடாதீர்கள். வாசலில் கூட்டம் நிற்பது எனக்குத் தெரியும். ஒரு மருத்துவர் பல ஊராட்சிகளைச் சுமப்பதும் தெரியும். ஆனாலும், "பாதியில நிறுத்துனாக் கிருமி ஒளிஞ்சிருந்து திரும்ப வரும், வாந்தி வந்தாச் சோத்தோட குடுங்க" என்று சொல்ல அரை நிமிடம் போதும். அந்த அரை நிமிடத்தில் ஒரு மாடு பிழைக்கும். மருந்தின் பெயர், நாட்கள், பால் விற்கக் கூடாத நாட்கள் ஆகிய மூன்றையும் தமிழில், படிக்கிற கையெழுத்தில் சீட்டில் எழுதுங்கள்.

களப்பணியாளர்கள் இடையில் பாலமாக நிற்கலாம். மாதம் ஒரு நாள் சொசைட்டி வாசலில் மருத்துவரையும் பால் ஊற்றுகிறவர்களையும் உட்காரவைத்து, போன மாதம் எந்த மருந்து வேலை செய்யவில்லை, ஏன் நிறுத்தினார்கள் என்று திட்டாமல் கேட்டுப் பாருங்கள். அதில் கிடைக்கும் தகவல் எந்த ஆய்வறிக்கையிலும் கிடைக்காது. தீவனப் பயிருக்கு யூரியா பரிந்துரைக்கும்போது, அறுவடைக்கு எத்தனை நாள் விட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நாம் வயலோடு நின்றுவிடுகிறோம், கால்நடை மருத்துவர் கொட்டகையோடு நின்றுவிடுகிறார். மாடு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

மணி படுத்திருந்த வேப்பமரத்தடியில் இப்போது ஒரு குட்டி நாய் கட்டியிருக்கிறோம். போன மாதம் அதற்கும் உண்ணி ஏறியது. உண்ணிக்கு மருந்து தந்த அதே மருத்துவரிடம், "இது எதுக்குங்க மாசாமாசம்? அடிக்கடி குடுத்தா உண்ணிக்கு மருந்து பழகிடாதா?" என்று கேட்டேன். பத்து நிமிடம் பேசினோம். ஒரு விஷயத்தில் அவர் சொன்னதை நான் ஏற்றுக்கொண்டேன். கொட்டகைச் சுவர் வெடிப்புகளைப் பூசி, தரையைச் சுத்தப்படுத்தினால்தான் உண்ணி அடங்கும், மருந்து மட்டும் போதாது என்று நான் சொன்னதை அவர் ஏற்றுக்கொண்டார். அடுத்த மருந்து நாளைச் சுவரில் எழுதிவைத்திருக்கிறேன்.

உங்கள் கொட்டகைக்கு மருத்துவர் அடுத்த முறை வரும்போது, சந்தேகம் இருந்தால் அவர் வண்டியில் ஏறுவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.